சுத்தி தொடாத வாரம்

சகாயராணியின் கையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அச்சடிக்கும் புத்தகத்தின் அட்டையில், விரல் நுனியெல்லாம் வெடித்து, நகக்கண் கறுத்து, இரண்டு சின்னக் கைகள் விரிந்திருக்கும். கீழே பெயர் இருக்காது. 'தென்னிந்தியா' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. காரிமங்கலம் பக்கம் ஒரு மண்டியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தவளை ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுப்பி, கையைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் 'கழுவ வேண்டாம்' என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புளி தட்டுவது கடினமான வித்தையெல்லாம் இல்லை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கல்மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். ஒரு நாள் தட்டினால் விரல் ஊறும். ஒரு மாதம் தட்டினால் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுநாளும் அதே புளி ஏறும். ரசச் சோற்றில் கை வைக்க முடியாமல் கூழைச் சொம்போடு குடித்தே மண்டியில் இருந்த இரண்டு வருடத்தையும் ஓட்டியதாகச் சகாயராணி சொல்வாள்.

ஒரு நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. படம் எடுத்தவர்களே அவளுடைய ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறப்புப் பயிற்சி மையம் திறந்தார்கள். மண்டியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து, இரண்டு வருடம் பாடம் சொல்லி, பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடும் இடம் அது. அங்கே போய்த்தான் அவள் படித்தாள், தருமபுரியில் பட்டமும் வாங்கினாள். அதனால் கணக்கெடுப்பு என்றால் அவளுக்கு ஒரு பக்தியே உண்டு. "நாலு பேரு வந்து கேட்டாங்க, அதனாலதான் நான் எந்திரிச்சு வந்தேன்" என்பாள். முப்பத்து நான்கு வயதில், அதே வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கெடுப்புக்குக் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வேலைக்குச் சேர்ந்தாள். நல்லம்பள்ளிப் பக்கத்துக்கு நான், காரிமங்கலம் பக்கத்துக்கு அவள். ஒன்றாகத்தான் பயிற்சி எடுத்தோம்.

போன வருடக் கணக்கெடுப்பு ஐந்து நாடுகளில் ஒரே நாளில், ஒரே கேள்விகளோடு தொடங்கியது. முதல் கேள்வி: 'கடந்த ஏழு நாட்களில் இந்தக் குழந்தை ஒரு மணி நேரமாவது வேலை செய்ததா?' இல்லை என்று அழுத்தினால் அடுத்த முப்பது கேள்விகளும் மறைந்துபோகும். பச்சை எழுத்தில் 'நன்றி' என்று வந்து ஒரு சிரிக்கும் முகம் நிற்கும். பழைய படிவத்தில் 'கடந்த ஒரு வருடத்தில்' என்றும் ஒரு கேள்வி இருந்தது. நேரம் இழுக்கிறது என்று அதைத் தூக்கிவிட்டார்கள். தொடங்கும் நாளையும் எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குறித்தார்கள். அது ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை.

சகாயராணியின் ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தைப் பெரிய வாரம் என்பார்கள்; அதைத் தொடங்கிவைக்கும் குருத்து ஞாயிறு வந்துவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை யாரும் சுத்தி தொட மாட்டார்கள். சுத்திச் சத்தம் ஆண்டவர் கையில் ஆணி அடித்த சத்தமாம். மண்டிக்காரர் ராஜாமணியே அந்த வாரம் கதவைச் சாத்திவிட்டுக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வந்து முழங்கால் போடுவார்.

அவள் முதலில் போனது புஷ்பமேரியின் வீட்டுக்கு. புஷ்பமேரியும் மண்டியில் புளி தட்டுகிறவள்தான். அவள் மகள் பிளசிக்குப் பதினொரு வயது. காலையில் மையம், மதியத்துக்குமேல் மண்டி, லீவு நாளென்றால் முழு நேரமும் மண்டி. பிளசி தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது சகாயராணி அவள் கையைத்தான் பார்த்தாள். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய தன் கை அப்படியே இருந்தது என்றாள் என்னிடம். பிறகு டேப்லெட்டில் இருந்தபடி கேள்வியைக் கேட்டாள்.

"போன ஏழு நாள்ல பிளசி வேலைக்குப் போச்சுங்களாக்கா?"

புஷ்பமேரி பதறிப்போனாள். "என்னா ராணி இப்படிக் கேக்கற? பெரிய வாரத்துல யாராச்சும் புளி தட்டுவாங்களா? பாவமில்லயா? வூட்ல சுத்திய கண்ணுல படாம எடுத்து வெச்சுட்டோம்."

பொய்யில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில்தான். அன்று இருட்டுவதற்குள் முடித்த அறுபத்திரண்டு வீட்டிலும் அவளுக்குச் சிரிக்கும் முகம்தான் வந்தது.

ஊர்க் கணக்கு சைபர் என்று போனால் ஜூனில் மையத்தை மூடிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே இருபத்து மூன்று பிள்ளைகள். பிளசி பள்ளிக்கூடத்தில் சேர இன்னும் ஒரு வருடம் பாக்கி. ராத்திரி தருமபுரியில் நாங்கள் சந்தித்தபோது, எங்கள் மேற்பார்வையாளர் அந்தோணி பிரகாஷுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், இன்னும் ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேக்கறேன் சார். இந்த வாரம் எங்க ஊர்ல சுத்தியே தொட மாட்டாங்க. நீங்களும் கோயிலுக்குப் போறவருதானே, உங்களுக்கே தெரியுமில்ல?"

"தெரியுதும்மா. ஆனா அஞ்சு நாட்டுக்கும் ஒரே வாரம். ஒருத்தருக்கு மாத்துனா மொத்த டேட்டாவும் கெட்டுப்போயிடும். நீங்க கேட்ட கேள்விக்கு வந்த பதிலப் போடுங்க, போதும்."

டேட்டா கெட்டுவிடும் என்றுதான் அந்த மனிதர் கவலைப்பட்டார். பிள்ளைகளின் கை கெட்டதைப் பற்றி அவருடைய படிவத்தில் கேள்வி இல்லை. எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நான் விழுங்கியதையும் இங்கே எழுதியாக வேண்டும். என் பக்கத்திலும் அதேபோல அந்த வாரம் சுத்தி தொடாத நான்கு தெரு இருந்தது. நான் சைபர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

சகாயராணி கையெழுத்துப் போடவில்லை; ஆனால் அவள் அழுத்திய பதில்கள் அதற்குள் மேலே போய்விட்டிருந்தன. அடுத்த திங்கட்கிழமை சொந்தமாகப் பஸ் ஏறி, அதே அறுபத்திரண்டு வீட்டுக்கும் போனாள். டேப்லெட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். முப்பத்தொரு பிள்ளைகள். பேர், வயது, எந்த நேரத்தில் எந்த மண்டி, எல்லாம். ராஜாமணி வழியில் மறித்து, "ஏம்மா, நீயும் எங்கிட்டத் தட்டுனவதானே, நல்லாத்தானே இருக்கற?" என்று கேட்டாராம். சிலுவைப்பாதையில் முட்டி தேய்ந்த அதே மனிதர்தான்.

மே மாதக் கடைசியில் தருமபுரியில் ஒரு ஓட்டலில் முடிவுகளை அறிவித்தார்கள். முந்திரி பகோடா, பாதாம் பால், மேடையில் பூ. திரையில் எங்கள் மாவட்ட வரைபடம் வந்தது. அவள் ஊர் பச்சை நிறத்தில் மின்னியது. குழந்தைத் தொழிலாளர் இல்லாத ஊர்களை முன்மாதிரியாகக் காட்டப் போகிறார்களாம். கைதட்டல் முடிவதற்குள் திரையில் அடுத்த படம் விழுந்தது. அந்தப் பழைய அட்டைப்படம்தான்.

சகாயராணி நோட்டோடு எழுந்தாள். "அது என் கைங்க" என்றாள்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டு, மைக்கை ஒருவர் நீட்டினார். அவள் முப்பத்தொரு பேரையும் படிக்கத் தொடங்கினாள். ஐந்தாவது பேரில் நேரம் ஆகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். நோட்டை வாங்கிய அதிகாரி அதன்மேல் பாதாம் பால் டம்ளரை வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த வட்டக் கறையை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் அந்தோணி பிரகாஷ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரர்.

"ராணிம்மா, அட்டைப்படம் ரொம்பப் பழசாயிடுச்சு. மேலிடத்துல புதுசா கேக்கறாங்க. உங்க ஊர்லயே ஒரு குழந்தையோட கை கெடைக்குமா? இதே மாதிரி வெடிச்ச கையா."

சகாயராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க ஊர்ல தட்டறவங்க யாருமே இல்லன்னு இப்பதானே சார் பச்சை அடிச்சீங்க? கை வேணும்னா கணக்க மாத்துங்க. மாத்திட்டு வாங்க, முப்பத்தொரு சோடி தர்றேன்."

அவள் சால்வையை நாற்காலியில் போட்டு, அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் அவள் பின்னால் போகவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூனில் மையத்துக்குப் பூட்டு விழுந்தது. சகாயராணி இப்போது காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். முப்பத்தொரு பேரையும் மறுபடி எழுதி, மாதம் ஒரு அலுவலகமாக மனு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பதில் வந்ததா என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று வந்ததாம்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனபோது மண்டி வழியாகத்தான் நடந்தேன். கதவு திறந்திருந்தது. கல்லுக்கு முன்னால் பிளசி. என் கழுத்தில் தொங்கியது சகாயராணி போட்டிருந்த அதே அட்டை என்று அடையாளம் கண்டுகொண்டு, சுத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, கணக்கெடுக்க வந்தீங்களா? இப்பக் கேளுங்கக்கா. இந்த ஏழு நாளும் வந்திருக்கேன்."

கையையும் விரித்துக் காட்டினாள். என்னிடம் கேட்பதற்கு எந்தக் கேள்வியும் இல்லை. அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.