தனபாலின் கடைசித் தட்டு

வெள்ளிக்கிழமையோடு தனபாலுக்கு ஓய்வு. சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாக எலியின் நரம்பணுக்களைத் தட்டில் வளர்த்துக் கொடுத்தவர். போவதற்குள் ஒன்றை மட்டும் மறுபடி பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார்.

அதை முதலில் காட்டியவர் பேராசிரியர் கிருபாசங்கர். இப்போது அவர் இல்லை. நரம்பணு இன்னொரு நரம்பணுவோடுதான் செய்தி கடத்தும் சந்திப்பை வைத்துக்கொள்ளும். சிறுநீரக அணுவைச் சீண்டாது. ஆனால் அந்தச் சிறுநீரக அணுவின் மேற்பரப்பில் நியூரோலிஜின் என்ற புரதத்தை வரவழைத்துப் பக்கத்தில் விட்டால், நரம்பணு நீட்டும் கை அதைத் தொட்டதும் நின்று, அங்கேயே சந்திப்பைக் கட்டத் தொடங்கும். சாயம் போட்டால் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

அன்று கிருபாசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆளு யாருன்னே பாக்கலீங்க தனபால், கை குடுத்துருச்சு" என்றார். இருவரும் நுண்ணோக்கிமேல் மாறி மாறிக் குனிந்ததில் வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

அதை மறுபடி பார்க்கவென்று வளர்த்த இந்தத் தட்டுக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. செவ்வாயன்று அவிநாசியில் ஒரு கல்யாணம். போன மாதம் வேறு பிரிவிலிருந்து வந்த ராமாமணியிடம், மீடியத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அணுக்கள் மூழ்கிக் கிடக்கும் அந்த நீரில் பாதியைத்தான் மாற்ற வேண்டும். அவை தாமே சுரந்துவைத்த புரதங்கள் பழையதில்தான் இருக்கும். பாதி என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

புதன் காலை, முக்கால்வாசி செத்து மிதந்தன.

"ஏனுங்ணா, கடைசித் தட்டுன்னீங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்குப் பழசையா வெப்பாங்கன்னு, பூராவும் எடுத்துப்போட்டுப் புதுசு ஊத்துனனுங்க."

"அதுங்க பழசுலதான் உசுரோட இருக்கும் அம்மணி."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கோணும்."

புதிதாக வளர்க்க நாளில்லை. பிழைத்தவற்றின் மேல் நியூரோலிஜின் ஏற்றிய சிறுநீரக அணுக்களை விட்டார்.

வெள்ளி பிற்பகல் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து நகர்த்தினார். இருட்டு. மறுபடி இருட்டு. தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு மெல்லிய கை, ஒரு சிறுநீரக அணுவின் மேல் படிந்து கிடந்தது. படிந்த இடத்தில் ஏழு புள்ளிகள்.

ராமாமணியும் குனிந்து பார்த்தாள்.

"இத்தினூண்டுங்களா? இதுக்கா மூணு நாளா சோறு எறங்காம இருந்தீங்க?"

"அன்னைக்கு நெறைய இருந்துச்சுங்க" என்றார். நுண்ணோக்கியின் திருகைத் தொட்டபடி, "இருந்த மாதிரிதான் நெனப்பு" என்றார்.

கீழே பிரிவுபசாரத்துக்குக் கூப்பிட்டார்கள். ராமாமணி, இதோ வாரோமுங்க என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். தனபால் மறுபடி குனிந்திருந்தார்.