காரணம்: சுய விருப்பம்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லி அப்பா கேட்டபோது, என் வழக்கப்படி முதலில் ஒரு பட்டியல் போட்டேன். பிறந்த ஊர், படிப்பு, திருமணம், தொழில், நோய் என்று ஐந்து தலைப்புகள். நான்கு தலைப்புகள் சில வரிகளில் முடிந்துவிட்டன. தொழில் என்ற தலைப்பு மட்டும் முடியவேயில்லை. எனவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

எங்கள் வீட்டு முன்னறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அரசாங்கக் காகிதம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இது எந்தக் கோயில் சாமி?" என்று அம்மாவைக் கேலி செய்தவர்களும் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். அது அம்மாவின் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ்.

அம்மா பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஆடு வளர்த்த குடும்பத்தில், நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவை மணந்து அதியமான்கோட்டைக்கு வந்தார். அப்பாவின் ஒன்றரை ஏக்கர் மழையை நம்பியது. மழை வராத இரண்டு வருடங்களில் அம்மா சித்தாளாகக் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கினார். நானும் தம்பியும் பிறந்த பிறகு மூன்று வருடங்கள் குடும்பமே பெங்களூரில் ஒரு கட்டட வளாகத்தின் தகரக் கொட்டகையில் இருந்தது. அங்கே கலவை தூக்கிக்கொண்டே அம்மா வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒருநாள் சாப்பிடப் போன கொத்தனார் திரும்பி வராதபோது, அவர் வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்து இரண்டு வரிசைச் செங்கல் கட்டிவிட்டார். மாலையில் மட்டம் பார்த்தவர்கள் குறை எதுவும் சொல்லவில்லை. யார் கட்டியது என்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மா தன்னோடு ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் மூத்தவர் மாதம்மா சின்னம்மா. உறவுமுறைக்கு அல்ல, பழக்கத்துக்குச் சின்னம்மா. இந்த ஏழு பேரும் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் முதல் பூச்சு வரை எல்லாம் செய்வார்கள். பல ஆண்டுகள் அவர்கள் வேறொரு ஒப்பந்ததாரரின் பெயரில்தான் வேலை செய்தார்கள். பேருந்தில் போகும்போது அம்மா ஜன்னல் வழியே கை நீட்டி, "அந்தத் தண்ணித் தொட்டி நாங்க கட்டினது" என்று காட்டுவார். தொட்டியின் காலில் பதித்த கல்லில் வேறு பெயர் இருக்கும். அம்மா அந்தக் கல்லை ஒவ்வொரு முறையும் படிப்பார்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலையில் சேர்ந்த வருடம், பக்கத்து ஊராட்சியில் ஒரு பள்ளிச் சுற்றுச்சுவருக்கு டெண்டர் வந்தது. அம்மா எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, நம்ம பேர்ல போடணும்னா என்ன வேணும்?"

"ஜிஎஸ்டி நம்பர் வேணும்மா. ஒப்பந்ததாரர் பதிவு பண்றதுக்கே அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"ஞாயித்துக்கிழமை வா. அந்தப் பொட்டியையும் எடுத்துட்டு வா."

பெட்டி என்றால் என் மடிக்கணினி.

எட்டு ஆவணங்கள் தேவை என்று பட்டியல் எழுதிக் கொண்டுவந்தேன். பான் அட்டை, ஆதார், புகைப்படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், பெயர்ப்பலகையோடு தொழில் இடத்தின் படம்.

ஆதாரிலேயே தடுக்கியது. அம்மாவின் ஆறு கூட்டாளிகளும் வங்கியில், ரேஷனில், ஆதாரில் எல்லாம் அம்மாவின் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். வேலைத்தளத்தில் எப்போதும் கையில் போன் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது காரணம். கான்கிரீட் போடும் நடுவில், "சாந்தி, உனக்கு ஓடிபி வந்திருக்குடி!" என்று சாரத்தின் மேலிருந்து கத்துவார். அப்படிப்பட்டவரின் சொந்த ஆதாரில் பெங்களூரில் தொலைந்துபோன ஒரு சிம்மின் எண் இருந்தது. அதை மாற்றவே இரண்டு வாரங்கள் ஆயின.

அடுத்தது சம்மதக் கடிதம். வீடு அப்பாவின் பெயரில் இருக்கிறது. இந்த இடத்தில் என் மனைவி தொழில் நடத்த எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அப்பா எழுதித் தரவேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்: "இருபத்தஞ்சு வருஷமா இந்த வூட்டுல சோறாக்கறனே, அதுக்கு யாராச்சும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"அதுக்கும் சேத்தே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் அப்பா.

விண்ணப்பத்தில், பதிவு கோருவதற்கான காரணம் என்று ஒரு கேள்வி உண்டு. பட்டியலிலிருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அம்மா செய்யும் அளவு வேலைக்குப் பதிவு கட்டாயமில்லை. அப்பாவுக்கு அது உறுத்தலாக இருந்தது. "யாரும் கேக்காதப்ப நாமளே போய் ஏன் மாட்டிக்கணும்?" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "அந்த லிஸ்ட்ல என்னென்ன இருக்குது, படி" என்றார். படித்தேன். சுய விருப்பம் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அதான். அதையே போடு."

எட்டாவது ஆவணத்தில்தான் நாங்கள் தவறு செய்தோம். ஏழு பெண்களுக்காக ஏழு கன்னிமார் கட்டடப் பணிகள் என்று பெயர் முடிவாகியிருந்தது. ("ஏழு பேருக்கும் சேத்துப் பதினாறு புள்ளைங்க, இதுல கன்னிமாராம்!" என்று மாதம்மா சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.) ஆனால் பலகை மாட்ட அம்மா சம்மதிக்கவில்லை. ஒரு காரியம் கைகூடும் முன் வெளியே சொல்வது அவருக்குப் பிடிக்காது. என் கல்லூரிச் சேர்க்கையைக் கூட ரசீது கைக்கு வரும்வரை அத்தைகளிடம் சொல்லாதவர்.

"கான்கிரீட் இறுகறதுக்கு முன்னாடி யாராச்சும் பலகை பிரிப்பாங்களா? நம்பர் வரட்டும், போர்டு மாட்டலாம்."

"போர்டு இருந்தாத்தான்மா நம்பரே வரும்."

"இப்ப வேண்டாம் கண்ணு."

படித்தவள் நான். பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, வீட்டின் வெறும் முகப்பைப் படமெடுத்து ஏற்றினேன்.

பத்து நாள் கழித்து ஓர் அலுவலர் இடத்தைச் சரிபார்க்க வந்தார். அம்மா வேலையில், அப்பா வயலில், வீடு பூட்டியிருந்தது. அவர் எதிர்வீட்டு அத்தையிடம் கேட்டிருக்கிறார். அத்தை ஒளிவுமறைவு இல்லாதவர். "கம்பெனியா? இந்தத் தெருவுல கம்பெனி எதுவும் இல்லீங்களே. இந்த வூட்டம்மா சென்ட்ரிங் வேலைக்குப் போறவங்க" என்று உள்ளதைச் சொல்லி, வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிட்டார். அலுவலரும் கேட்டதை அப்படியே எழுதினார். அம்மா யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் மேல் தவறில்லை.

அந்த முகவரியில் தொழில் நடப்பதாகத் தெரியவில்லை, ஏழு வேலை நாட்களுக்குள் விளக்கம் தரவும் என்று அறிவிப்பு வந்தது. டெண்டருக்கு மூன்று வாரமே இருந்தது. விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தால் அந்தச் சுவரையும் ஏழு பேரும்தான் கட்டியிருப்பார்கள், கல்லில் மட்டும் மறுபடி வேறு பெயர் வந்திருக்கும்.

அம்மா அன்று அழுவார் என்று நினைத்தேன். வாசலில் நின்று வீட்டு முகப்பை, ஒரு புது வேலைத்தளத்தைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தர்மபுரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய்க்குப் போன் செய்து, தகரப் பலகை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டார். பாய் மறுநாளே எழுதி வாங்கி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அம்மா தன் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நான் கான்ட்ராக்ட் எடுக்கப் போறனுங்க. பேரு இது. யாராச்சும் கேட்டா சொல்லுங்க" என்று தானே சொன்னார். எதிர்வீட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானு டீ போட்டுக் குடுத்து உக்கார வெச்சிருப்பனே!" என்றார்.

பலகையோடும் ஏழு பேரோடும் புதுப் படம் எடுத்தேன். வேலைத்தளப் படங்களையும் இணைத்து விளக்கம் அனுப்பினேன். ஐந்தாம் நாள் எண் வந்தது. பதினைந்து இலக்கம். அம்மா அதை மனப்பாடம் செய்துகொண்டார். சுற்றுச்சுவர் கிடைத்தது. அடுத்து ஒரு சிறுபாலம் கிடைத்தது. இரண்டிலும் கல்லில் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது வேலை, அம்மா பிறந்த ஊரிலேயே ஓர் அங்கன்வாடிக் கட்டடம். அந்த உத்தரவு வந்தபோது அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. படுக்கையிலிருந்தபடியே அஸ்திவார ஆழத்தைக் கேட்பார். கேட்ட அளவு வராவிட்டால் மாதம்மா சின்னம்மாவுக்குத் திட்டு விழும். வலியைப் பற்றிச் செவிலியர் கேட்டால், "பரவாயில்லைங்க" என்பார். கடைசி வாரத்தில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நம்பர் என்ன ஆகும்?"

நான் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குள்ளேயே அம்மாவின் பான் எண் இருக்கிறது. அதை வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாது. வாரிசு புதிதாக வாங்க வேண்டும்.

"அப்ப வாங்கு" என்றார்.

அம்மா மறைந்தபோது கட்டடம் அடித்தள மட்டத்தில் நின்றது. வாரிசு பெயரில் எண் வந்தால் வேலையைத் தொடரலாம், இல்லையென்றால் மறு டெண்டர் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தேன். ஓசூர் வேலையை விட்டேன். சான்று வந்ததும் மாதம்மா சின்னம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பெட்டியைத் திறந்தேன். காரணம் கேட்கும் அதே கேள்வி. அதே பட்டியலில், அன்று நான் படிக்காமல் விட்ட கீழ்வரிகளில் ஒன்று: உரிமையாளர் மறைவு.

சின்னம்மா எட்டிப் பார்த்தார். "ஏன் பாப்பா, அக்கா போட்டதையே போடக் கூடாதா?"

"ஒண்ணுதான் சின்னம்மா தேர்ந்தெடுக்க முடியும். எது உண்மையோ அதைத்தான் போடணும்."

"ரெண்டும் உண்மைதானே?" என்றார். உரிமையாளர் மறைவு என்பதையே தேர்ந்தெடுத்து அனுப்பினேன்.

இம்முறையும் ஓர் அலுவலர் வந்தார். வேறொருவர், ஓர் இளம்பெண். நான் சான்றிதழ் நகல் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். கையில் டீ. எதிர்வீட்டு அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி இதேதானுங்க. மேஸ்திரியம்மா கம்பெனி. அந்தப் பள்ளிக்கூடத்துச் செவுரு பாத்தீங்களா? இவங்க கட்டினதுதான். ஆளுங்க வேலைக்குப் போயிருக்காங்க, பொண்ணு இப்ப வந்துரும், நீங்க டீயக் குடிங்க."

அந்த அலுவலர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. பலகையைப் படமெடுத்துக்கொண்டார். எட்டாம் நாள் எண் வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அம்மாவை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு, வேலைக்கு வாங்கிய மினிலாரியில் அழைத்துப்போய், அலுங்காமல் ஓட்டி வந்த அப்பாவுக்கு. தேர்வுக்கு நடுவிலும் மருத்துவமனையில் கூடவே இருந்த தம்பிக்கு. டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கு. நோயின் நாட்களில் கம்பியும் சிமெண்டும் நிற்காமல் அனுப்பிய பாய்க்கு. அந்த நாட்களில் ஒருநாள் வேலையும் நிறுத்தாத ஆறு சின்னம்மாக்களுக்கு. அவர்களின் ஓடிபி இன்னும் அம்மாவின் போனுக்குத்தான் வருகிறது. எண்ணை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களும் மாற்றவில்லை. எதிர்வீட்டு அத்தைக்கு, இரண்டு முறையும் உண்மையைச் சொன்னதற்காக.

சட்டப்படி அம்மாவின் பதிவை ரத்துசெய்ய விண்ணப்பித்துவிட்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் காகிதம் இப்போது செல்லாது. அதன் அருகிலேயே புதியதை மாட்டியிருக்கிறேன்.

அங்கன்வாடியின் கூரைக்குச் சென்ற மாதம் கான்கிரீட் போட்டோம். அம்மா சொன்ன கணக்குப்படி இறுகும்வரை காத்திருந்தோம். நினைவு நாளுக்கு மறுநாள் காலை சென்ட்ரிங் பலகை பிரிக்கிறோம். ஊருக்குத் திரும்பும் அவசரம் இல்லாதவர்கள் பென்னாகரம் வழியாக வாருங்கள். கல் இன்னும் பதிக்கவில்லை, சுவரில் அதற்கான இடம் மட்டும் விட்டிருக்கிறோம். அம்மா கட்டத் தொடங்கிய கூரைக்குக் கீழே, நிழலில் நின்று ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போகலாம்.