முதல் பொத்தான்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டு கிளைகளாக நடந்த ஒரு கிளினிக்குக்கு நான்தான் கணினி வேலை பார்த்தேன். நோயாளிகளின் விபரமெல்லாம் சேர்வர் என்ற ஒரே பொதுக் கணினியில். இரண்டு இடத்திலும் அதைத் திறந்து எழுத நான் செய்த படிவம். அதில் ஆரம்பம் முதலே ஒரு தொல்லை. சேமிக்கப் போனால், ‘இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார்’ என்று திரை சொல்லி, என்ன செய்வதென்று கேட்டுச் சில பொத்தான்களைக் காட்டும். ஒருவரும் மாற்றியிருக்கமாட்டார்கள். சில ஆம்-இல்லைக் கட்டங்களை நான் வெறுமையாக விட்டதால் படிவமும் சேர்வரும் ஒத்துப்போகாமல் வந்த வினை. திருத்தச் சோம்பல்பட்டு, முதல் பொத்தானை அழுத்திவிட்டுப் போங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். அது மற்றவர் எழுதியதன் மேல் நம்முடையதை எழுதிவிடும்.

ஒரு செவ்வாய் காலை கொட்டாஞ்சேனைத் தாதி, எல்லாருக்கும் அவர் மிஸ்ஸி, ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று பதிந்தார். வியாழன் அந்த மனிதருக்கு வெள்ளவத்தையில் அதே மருந்து எழுதப்பட்டது. அவரே வாய்திறந்து சொன்னதால் தப்பினார். கிளினிக்கை நடத்திய டொக்டர் பதிவைப் பார்த்தார். ஒவ்வாமைக் கட்டம் காலி. மிஸ்ஸிதான் பதியாமல் விட்டார் என்று, அவரை மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்.

மிஸ்ஸி எனக்குப் போனில் கோல் எடுத்தார். அழவில்லை.

“தம்பி, நான் பதிஞ்சனான். எப்பிடியாவது பாத்துச் சொல்லுங்கோ.”

முதலில் டொக்டரில்தான் கோபம் வந்தது. சேர்வர் தினமும் மதியம் ஒரு பிரதி எடுத்துவைக்கும். செவ்வாய்ப் பிரதியில் பெனிசிலின் இருந்தது. புதன் பிரதியில் இல்லை. வெள்ளவத்தையில், அந்த வாரம் வரவேண்டியவர்களின் பதிவுகளைக் காலையிலேயே திறந்துவைத்துக்கொள்வார்கள். அப்படிச் செவ்வாயன்று, மிஸ்ஸி பதியுமுன்பே திறந்துகிடந்த அந்த நோயாளியின் பழைய பதிவில், அன்று பின்னேரம் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். அன்றைக்குத் திரை சொன்னது உண்மை. நான் பழக்கிய கைகள் அதை நம்பவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. வெறுங்கட்டங்களை எல்லாம் நிரப்பினேன். உண்மையிலேயே யாராவது மாற்றினார்களா என்று படிவம் அறிய, பதிவு மாறும்போதெல்லாம் தானாக மாறும் ஓர் இலக்கத்தைச் சேர்த்தேன். முதல் பொத்தானைத் தூக்கி எறிந்துவிட்டு, இருவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டவைத்தேன். பொய்ச் செய்தி நின்றது.

பிறகு இரண்டு பிரதிகளையும் அச்சடித்துக்கொண்டு, மிஸ்ஸியையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன்.

“மிஸ்ஸி பதிஞ்சவ, டொக்டர். அழிய விட்டது நான்.”

டொக்டர் தாள்களை மாறிமாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மிஸ்ஸியை வழமைபோல வேலைக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தப் பொத்தான் எத்தனை வருடமாக இருந்தது என்று மிஸ்ஸி கேட்டார். நாலு வருடம் என்றேன்.

“அப்ப இன்னும் எத்தின பேருக்கு இப்பிடி அழிஞ்சிருக்கும், தம்பி?”

அது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மறுநாள் காலை இருவரும் நாலு வருடப் பிரதிகளோடு உட்கார்ந்தோம். அடுத்த பெயர் பத்து மணிக்குள்ளேயே கிடைத்துவிட்டது.