உச்சி வெயிலில் நின்றுபோன சோலார்

பகல் பன்னிரண்டே கால். கரண்ட் போன சற்று நேரத்தில், பக்கத்து வீட்டு லட்சுமி கையில் நீண்ட ஒயருடன் என் வாசலில் நின்றார். அவர் கணவர் ஏகாம்பரம் மாமல்லபுரத்தில் சிலை செதுக்கியவர். கல்தூசு நுரையீரலைக் கெடுத்திருந்தது. அவருடைய ஆக்சிஜன் மெஷின் கரண்டில்தான் ஓடும்.

“சார், உங்க சோலார்லேர்ந்து ஒரு லைன் குடுங்க.”

“அதுவும் நின்னுபோச்சும்மா.”

“இன்னா சார் சொல்றீங்க? வெயிலு இப்டி கொளுத்துது. மேல கீறது இன்னா, ஷோகேஸா?”

தெருக் கம்பியில் கரண்ட் நின்றால், அதைப் பழுதுபார்ப்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, அந்தக் கம்பியோடு இணைந்த கூரை சோலாரும் தானாக நின்றுவிடும். பேட்டரி இருந்தால் வீட்டுக்கு மட்டும் ஓட்டலாம். விலை அதிகமென்று நான் வாங்கவில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

“உங்க வூட்ல சோலார் கீதுன்னுதான் ஸ்பேர் ஆக்சிஜன் சிலிண்டர போன வாரம் திருப்பிக் குட்தேன்” என்றார்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெருவில் யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை, பயனில்லை என்று தெரிந்தும், இருவரும் மாறி மாறி ஏகாம்பரத்துக்கு விசிறினோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. சற்று நேரத்தில் என் சோலாரும் தானாக ஓடத் தொடங்கியது.