பாதை பூட்டிய பதினொரு நாள்

அண்ணாவின் தொண்டையில் புற்றுநோய். கொழும்பு ஆஸ்பத்திரியில் தினமும் கதிர் பிடித்தார்கள். சனி, ஞாயிறு ஓய்வு. ஐந்தாவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் விழுங்கினாலே அவருக்குக் கண்ணீர் வரும்.

"எல்லாத்தையும் ஒரே நாளில பிடிச்சு முடிக்கேலாதோ?" என்று டொக்டரிடம் சண்டைக்குப் போனவள் நான். உயிரியல் படிப்பிக்கிறேன் என்ற திமிர். அவர் கோபப்படவில்லை. "கதிர் பட்டால் உடம்பில அந்த இடத்து எல்லாக் கலமும் அடிபடும், ரீச்சர். இடைவெளி குடுத்தால் நல்ல கலங்கள் தங்களைத் திருத்திக்கொள்ளும். கெட்டதுக்கு அந்தக் கெட்டித்தனம் குறைவு. அதாலதான் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கிறம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் திவசம். அண்ணாதான் ஒரே ஆண்பிள்ளை. "வேண்டாம் தங்கச்சி, சண்டைக் காலத்தில பாதையை நம்பேலாது" என்றார். நான் விட்டேனா? "எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டு ஞாயிறு திரும்பலாம். ஒரு நாளும் பிசகாது" என்று வெள்ளி பின்னேரம் பஸ் ஏற்றி, ஊருக்கு, பாலையூற்று வீட்டுக்கு இழுத்துவந்தேன்.

ஞாயிறு விடிய, கொழும்புப் பாதையில் கந்தளாய்ப் பக்கம் சண்டை. பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் பையோடு ஆமி காவல் நிற்கும் சென்றிக்குப் போவோம். ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினால், ஆமிக்காரன் அதைப் பாராமலே "இண்டைக்கு ஏலாது" என்று கையசைப்பான். திரும்பி வருவோம். இப்படிப் பதினொரு நாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் வீடு கலகலத்தது. கழுத்துப் புண் காய்ந்து புதுத்தோல் மினுங்கியது. ஏழாம் நாள் அண்ணா குழைத்த சோறும் மீன் சொதியும் விழுங்கினார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். "பாத்தியளே அண்ணா, ஓய்வு குடுத்தால் உடம்பு தானாத் திருந்துது!" என்று துள்ளினேன். டொக்டர் சொன்னதை அவ்வளவு அழகாக விளங்கிவைத்திருந்தேன்.

பாதை திறந்ததும் ஓடினோம். டொக்டர் தொண்டைக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லதுக்குக் கிடைச்ச ஓய்வு மற்றதுக்கும் கிடைச்சிட்டுது, ரீச்சர். அதுவும் பெருகியிருக்கு. கூட்டிக் குடுத்துப் பாப்பம். ஆனால் முந்தி இருந்த நம்பிக்கை இப்ப எனக்கில்லை."

நாசமாய்ப்போன என் படிப்பு! தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.  வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்ததும் அண்ணா கேட்டார்.

"அப்ப நான் சாப்பிடேக்க, அதுவும் சேர்ந்து சாப்பிட்டதே?"