மாப்பிள்ளை இலையும் பாறை நண்டும்

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த முதல் ஆடிக்கு அப்பா நேரில் போய் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். ஆள் விட்டும் சொல்லக்கூடாது, போனிலும் சொல்லக்கூடாது. அப்படி அழைத்தால்தான் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். ஆடி நெருங்கியதும் நான் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறியே காலம் போயிற்று. பந்தியில் "போதுமா", "இன்னும் கொஞ்சம்" என்ற இரண்டு வார்த்தை போதும். என் மகள் கல்யாணத்திலேயே வாசலில் நின்று வரவேற்கத் தெரியாமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டேன். மறுவீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் என்னை மாதிரிதான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் வேலை, தலை நிமிராத வேலை.

இந்த முறை மனைவிக்குக் காலில் சுளுக்கு. நான் மட்டும் போக வேண்டியதாயிற்று.

"வாயத் தொறந்து கூப்புடுங்க. மறுவீட்டுல பண்ண மாதிரி மென்னு முழுங்கிட்டு வந்தீங்கன்னா சம்பந்தி அம்மா கோச்சுக்கும். பொண்ணு ஆடி பூரா அங்கயே கெடக்கும்" என்று மனைவி வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்து சொன்னாள்.

மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறியதிலிருந்து சிதம்பரம் இறங்கும்வரை ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். "மாப்பிள்ளை, தலை ஆடிக்கு வீட்டுக்கு வரணும்." அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் சீர்த்தட்டை வைத்தேன். புடவை, வேட்டி, பழம், வெற்றிலை பாக்கு. சம்பந்தி அம்மா "வாங்கண்ணே" என்று காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் சொல்வதற்கு இடம் விட்டுத்தான் போனார் என்று புரிந்தது. மகள் சமையலறை வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்தார். காபி தீர்ந்தது. வாக்கியம் வரவில்லை.

கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்தது. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. தாலி கட்டி முடிந்து பந்தி போடும்வரை மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று மகள்தான் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்தாள். நாலு பேரைச் சேர்த்து ஒரு அணி அமைத்து பூதங்களோடு சண்டை போட வேண்டும். எழுத்தெல்லாம் ஆங்கிலம். நான் படத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் ஆடுவேன். பெரிய பெரிய ஆட்கள் குலுக்கலில் வருவார்கள். எனக்கு ஒருத்தரும் விழுந்ததில்லை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற ஆட்கள் மட்டும்தான் என்னிடம். பங்குனியிலிருந்து ஒரு பாறை நண்டைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். நண்டு வரும்போது அடிக்கிற மேளம் கூடம் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "மாமா, நண்டா?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழுக் கேள்வி அது. மேளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார், அவரும் இதை ஆடுகிறவர்தான். தலையாட்டினேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு ஆளாகத் தள்ளிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்னா மாமா, எல்லாரும் ஒரே மட்டத்துல நிக்கிறாங்க?"

விளையாட்டில் ஆட்கள் வளர்வதற்குத் தேன் குடுவை கிடைக்கும். கிடைக்கிற தேனை இருக்கிற ஆட்கள் அத்தனை பேருக்கும் வரிசையாக ஆளுக்கொன்று கொடுத்து வந்தேன். ஒன்று குறைந்தால் அடுத்தது கிடைக்கும்வரை யாருக்கும் தராமல் காத்திருப்பேன். அதைச் சொன்னேன்.

"ஏன் மாமா?"

"ஒரு எலைக்கு ரெண்டு வடை, பக்கத்து எலைக்கு ஒண்ணுன்னு வச்சா சண்டை வந்துடும்ல, மாப்ள."

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சமையலறை வாசலிலிருந்து மகள், "வீட்டுலயும் அப்படித்தான். ஒரு ஜாங்கிரிய மூணாப் பிச்சு, எது பெருசுன்னு கண்ணு பக்கத்துல வச்சுப் பாப்பாரு" என்றாள்.

"மாமா, இது பந்தி இல்ல. நாலு பேருல ஒருத்தன் அடிக்கணும், மத்த மூணு பேரு அவனுக்கு ஒத்தாசை. குலுக்கல்ல வர்ற ஆளுங்களே வேணாம். நமக்கு ஓசியில வந்தவங்களே போதும்."

அவரே எடுத்து வைத்தார். தண்ணீர்க் குடம் வைத்திருக்கிற பெண், நண்டின் ஓட்டை நனைத்து இளக்குவாள். குடைக்காரி அடி படாமல் மறைப்பாள். வைத்தியர் காயத்தை ஆற்றுவார். நாலாவது, விளையாட்டைத் தொடங்கிய அன்றே கையில் கொடுத்த ஈட்டிப் பையன். மூக்கு ஒழுகுகிற மாதிரி இருக்கிறானே என்று நான் அவனை அணியிலேயே சேர்த்ததில்லை.

"மிச்சத் தேனு பூரா இவனுக்கு ஊத்துங்க."

"மத்தவங்க?"

"அவுங்க வெறும் படம்தான மாமா, கோச்சுக்க மாட்டாங்க."

எனக்குக் கை போகவில்லை. குடைக்காரியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அப்போதுதான் தோன்றியது. எந்தக் கல்யாணத்திலும் நாங்கள் கணக்குப் பார்க்காத இலை ஒன்று உண்டு. அதில் எத்தனை வடை விழுந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"அப்ப இவன்தான் மாப்பிள்ளையா?" என்றேன்.

"அதேதான் மாமா."

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தேனைக் கொட்டினேன். பையன் வளர்ந்துகொண்டே போனான். கைக்கு வளையம் வந்தது, ஈட்டியில் மின்னல் ஓடியது.

முதல் சண்டையில் நான் அவசரப்பட்டு ஓடு நனைவதற்குள் அடித்துத் தோற்றேன். "எலைல தண்ணி தெளிக்கிறதுக்கு முன்னாடியே பொரியல வக்கிறீங்களே" என்றார் மாப்பிள்ளை. இலையில் முதலில் தண்ணீர் தெளிப்பது எனக்குத் தெரியாதா. அடுத்த முறை குடத்துப் பெண்ணை முன்னால் அனுப்பினேன். ஓடு இளகிப் பச்சையாக மாறியது. "இப்ப, இப்ப" என்று மாப்பிள்ளை என் தொடையில் தட்டினார். ஈட்டிப் பையன் எகிறிக் குத்தினான். நண்டு நாலு பக்கமும் கால் விரித்துப் படுத்துவிட்டது.

இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் சம்பந்தி அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "என்னண்ணே, என்னா ஆச்சு?"

"நண்டு செத்துடுச்சும்மா" என்றார் மாப்பிள்ளை.

சிரிப்பு அடங்கவில்லை எனக்கு. அந்தச் சிரிப்போடே சொன்னேன். "மாப்ள, ஆடி ஒண்ணுக்கு நம்ம வீட்டுல உங்களுக்கு எலை போடறேன். அவசியம் வரணும். அடுத்தாப்புல ஒரு பாம்பு வருதாம், அத அங்க வச்சு அடிப்போம். தங்கச்சி, பொண்ண இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பதே தெரிந்தது. பஸ்ஸில் தயாரித்த வாக்கியம் அது இல்லை. மகள் அதற்குள் பையை எடுக்க உள்ளே போயிருந்தாள்.

ஆடி முதல் நாள் மாப்பிள்ளை வந்தார். தலைவாழை இலை போட்டு நானே பரிமாறினேன். வடை ஒன்று வைத்தேன். மனைவி பார்த்தாள். இரண்டாவது வைத்தேன். மூன்றாவதை எடுத்துக் குனிந்தபோது மாப்பிள்ளை இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாமா, தேனு போதும்."