சந்தனம் வைத்துப் பிரித்த வைரஸ்

இன்று மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்துக்குப் பெயர்க்கல் வாங்கப் போனேன்.

உரிமையாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். "இங்கிலீஷு, டீச்சர். வாசிச்சு சொல்லுங்க."

கல் செதுக்கும் எந்திரத்துக்கு அவர் வாங்கிய மென்பொருளில் தவறுதலாக வைரஸும் சேர்ந்து வந்துவிட்டதாம். விற்ற கம்பெனி மன்னிப்புக் கேட்டிருந்தது.

அந்த வைரஸுக்காகத்தான், அங்கே கணினியில் படம் வரையும் சுஜாவை, "நீ பென் டிரைவ்ல சினிமா ஏத்திக்கொண்டு வந்ததுலதான் வந்திருக்கு" என்று போன வாரம் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். கம்பெனி அனுப்பிய மென்பொருள் பெட்டியைச் சந்தனம் வைத்துப் பூசை செய்துதான் பிரித்தாராம். அதில் குற்றம் இருக்காதாம்.

"அப்போ சுஜாவைத் திரும்பக் கூப்பிடுவீங்களா?"

"அதெப்படி டீச்சர்? அவள விசாரிக்க வந்த மாப்பிள வீட்டுக்காரங்கட்டயும் சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா எனக்குல்லா அசிங்கம்! யாருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியளா."

தலையாட்டினேன்.

உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களில் மயிலாடிக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?